வெளிப்படையாகப் பேசியது மானெக்ஷாவின் பணிவாழ்க்கைக்கு உதவியதா, இடறியதா?

அமராவதிக்கரை (உடுமலைப்பேட்டை):

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகன் அமராவதி நகர் சைனிக் பள்ளியில் படிப்பை முடித்து, கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாதெமிக்குத் தேர்வாகியிருக்கிறான். எங்கள் குடும்பத்திலிருந்து ராணுவத்துக்குப் போகும் முதல் ஆள் அவன்தான் என்பதால், தறி ஓட்டுகிறவர்களும் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுமான எங்கள் உறவினர்கள் ஆளுக்கொரு புத்திமதி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மேலதிகாரி சொல்வதற்குத் தலையாட்டிவிட்டுப் பதவி உயர்வுக்கு வழியைப் பார் என்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் சாரம். அவனோ, 1971-இல் உடனே போருக்குப் போகச் சொன்ன பிரதமர் இந்திரா காந்தியின் முகத்துக்கு நேராக இப்போது முடியாது என்று சொன்ன அன்றைய தரைப்படைத் தலைமைத் தளபதி, ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்ஷாவை எடுத்துக்காட்டி, மனத்தில் பட்டதைச் சொல்லியும் உச்சிக்குப் போகலாம் என்று வாதிடுகிறான்.

மானெக்ஷாவைப் பற்றி நம் பகுதியில் கேள்விப்படாதவர்கள் குறைவு. குன்னூரில் வாழ்ந்து, வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்து, உதகையில் அடக்கமானவர். ஆனால் நாம் கேள்விப்படுவதெல்லாம் சுவையான துணுக்குகளாகவே இருக்கின்றன. அந்த மனிதருடைய வெளிப்படையான பேச்சு அவருடைய பணிவாழ்க்கையில் உண்மையில் என்ன செய்தது, 1971 ஏப்ரல் மாத அமைச்சரவைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை, படையில் இருந்தவர்களும் வரலாறு படித்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பர்லியார் ஹவில்தார் (மேட்டுப்பாளையம்):

தம்பிக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். நான் தரைப்படையில் எழுத்தர் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அதனால் போர்க்களத்தைவிடக் கோப்புகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்விக்குக் கோப்பு வழியாகவே விடை சொல்வது எனக்கு எளிது.

மானெக்ஷாவின் பணிவாழ்க்கை அந்த வாயால் ஏறக்குறைய முடிந்தே போயிருக்கும். அது நடக்கவிருந்த இடம் நமக்கு மேலே இருக்கும் இதே வெலிங்டன்தான். துணுக்குகளைச் சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள் என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

அவர் 1914 ஏப்ரல் 3 அன்று அமிர்தசரசில், பார்சி மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். லண்டனுக்குப் போய் மருத்துவம் படிக்க விரும்பியபோது தந்தை அனுப்ப மறுத்தார். அந்தக் கோபத்தில் நுழைவுத் தேர்வு எழுதி, 1932-இல் தேராதூனில் தொடங்கிய இந்திய ராணுவ அகாதெமியின் முதல் அணியில், நாற்பது பேரில் ஒருவராகச் சேர்ந்தார். 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் போரில் வயிற்றில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்து விழுந்தார். அவர் பிழைக்கமாட்டார் என்று எண்ணிய தளபதி கோவன், இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் என்னும் வீரப் பதக்கத்தை வழங்குவதில்லை என்பதால், தம் சட்டையிலிருந்த அந்தப் பதக்கத்தைக் கழற்றி அவருக்குக் குத்தினார் என்பது வரலாறு. வீரத்தைப் பற்றிய கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டதால், பிற்காலத்தில் அவர் வாய் திறந்தபோது கோழை என்று சொல்லி யாராலும் அவரை அடக்க முடியவில்லை. நாட்டுப் பிரிவினைக்குப் பின் அவர் பெரும்பாலும் ராணுவத் தலைமையகத்தின் நடவடிக்கைப் பிரிவில் இருந்தார். ஒரு பட்டாலியனுக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை. காரணங்களை வரிசைப்படுத்தி, இதனால் இது முடியும், இதனால் இது முடியாது என்று மேலே எழுதி அனுப்புவதுதான் அந்தப் பிரிவின் அன்றாட வேலை.

சிக்கல் தொடங்கியது அவர் ஜம்முவில் 26-ஆவது டிவிஷனுக்குத் தளபதியாக இருந்தபோது. அங்கு வந்த பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன், தலைமைத் தளபதி திம்மையாவைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்டிருக்கிறார். என் தலைவரைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு இடமில்லை, இன்று என்னிடம் இதைக் கேட்பவர் நாளை என் கீழ் உள்ள பிரிகேடியர்களிடமும் கர்னல்களிடமும் என்னைப் பற்றிக் கேட்பார், படையின் கட்டுப்பாடு அதோடு போயிற்று என்ற பொருளில் மானெக்ஷா பதில் சொன்னார். இந்த இடத்தை மாப்பிள்ளை கவனிக்க வேண்டும். அவர் அங்கே காட்டிய வெளிப்படைத்தன்மை, கருத்துச் சொல்ல மறுத்ததில் இருக்கிறது. அமைச்சரிடம் தலைவரைக் குறை கூறி நல்ல பெயர் வாங்கும் வாய்ப்பு தானாக வந்து நின்றபோது அதைத் தள்ளிவிட்டார்.

அதற்கான விலையை, 1959-இல் வெலிங்டனில் ராணுவ அதிகாரிகளுக்கு உயர்பயிற்சி தரும் ஸ்டாஃப் காலேஜின் தலைவராக வந்த பிறகு கொடுத்தார். அமைச்சருக்கு நெருக்கமான பி. எம். கௌல் தலைமையகத்தில் செல்வாக்கோடு இருந்த காலம் அது. மானெக்ஷா உணவு மேசையிலும் வகுப்பறையிலும் பேசியவையெல்லாம் தில்லிக்குப் போய்ச் சேர்ந்தன. அவருக்குத் தேசப்பற்று இல்லை, பிரிட்டிஷ்காரர்களின் படங்களை அலுவலகத்தில் மாட்டி வைத்திருக்கிறார் என்பன போன்ற குற்றச்சாட்டுகளை வைத்து அவர்மீது விசாரணை நடந்தது. விசாரணைக்குத் தலைமை தாங்கிய தளபதி தௌலத் சிங் அவர்மீது குற்றமில்லை என்று முடிவு செய்தார். ஆனாலும் லெப்டினன்ட் ஜெனரல் பதவி உயர்வு கிடப்பில் இருந்தது. குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்த பிறகும் பதவி வராமல் இருப்பதுதான் படையில் ஒருவரை ஒதுக்கும் முறை என்பது கோப்பு பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவரைக் காப்பாற்றியது 1962 சீனப் போர். வடகிழக்கில் நம் படை சிதறியது, கிருஷ்ண மேனன் பதவி விலகினார், கௌல் பதவியை விட்டுப் போனார். கௌல் தலைமை தாங்கிய அதே நான்காவது கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படைத்தொகுதி) பொறுப்பை அசாமின் தேஜ்பூரில் ஏற்கும்படி மானெக்ஷாவை நேரு அனுப்பினார். எழுத்துமூல ஆணை இல்லாமல் யாரும் பின்வாங்கக் கூடாது, அப்படி ஓர் ஆணை ஒருபோதும் வராது என்பதே அவர் அங்குப் போனதும் சொன்னது. அதன் பின் மேற்குப் படைத் தலைமை, கிழக்குப் படைத் தலைமை, 1969 ஜூன் 8-இல் தரைப்படைத் தலைமைத் தளபதி என்று ஏறினார். அந்தப் போர் வராமல் இருந்திருந்தால், அவர் மேஜர் ஜெனரலாகக் குன்னூரில் ஓய்வுபெற்றுத் தோட்டம் போட்டிருப்பார் என்பது என் கணிப்பு. ஆகவே, மனத்தில் பட்டதைச் சொன்னதால் அவர் உயர்ந்தார் என்று மாப்பிள்ளை எண்ணினால், அது பாதிதான் உண்மை.

பாரியூரான் (கோபிசெட்டிபாளையம்):

ஹவில்தார் ஐயாவின் விளக்கம் நன்று. நான் கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன். 1971-ஐப் பற்றிய இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

அந்த நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் மானெக்ஷாவின் வாய்மொழியாகவே அறிகிறோம். ஓய்வுக்குப் பின் பல மேடைகளில் அதைச் சொன்னார். 1998 நவம்பரில் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் தலைமைப் பண்பு குறித்து ஆற்றிய உரையிலும் விரிவாகச் சொன்னார். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வந்து குவிந்துகொண்டிருந்த ஏப்ரல் இறுதியில், இந்திரா காந்தி அமைச்சர்களைக் கூட்டி, படை உடனே எல்லையைத் தாண்ட வேண்டும் என்று கேட்டார் என்றும், தாம் மறுத்ததாகவும் மானெக்ஷா கூறுகிறார். மறுப்புக்கு அவர் அடுக்கிய காரணங்கள் அனைத்தும் தொழில் சார்ந்தவை. பருவமழை தொடங்கினால் வங்கத்து ஆறுகள் கடல்போல் விரிந்து படை சாலையிலேயே முடங்கும். இமயத்தின் கணவாய்கள் திறக்கும் பருவமாதலால் சீனா வடக்கில் நெருக்கலாம். தேவையான டிவிஷன்கள் தொலைவில் உள்ளன, அவற்றை நகர்த்த ரயில்களையும் சாலைகளையும் முழுமையாக எடுத்துக்கொண்டால் அறுவடைத் தானியம் நகராது, பஞ்சம் வந்தால் பழி வேளாண் அமைச்சர் ஃபக்ருதீன் அலி அகமது மேல் விழும். கவச டிவிஷனில் ஓடும் நிலையில் இருப்பவை 13 டாங்கிகள் மட்டுமே. ஏன் 13 என்று நிதியமைச்சர் சவான் கேட்டபோது, நீங்கள் நிதியமைச்சராக இருப்பதால்தான், ஒன்றரை ஆண்டாகப் பணம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பதில் சொன்னதாக அவரே குறிப்பிட்டார். கூட்டம் கலைந்த பின் பிரதமரிடம், உடல்நலக் காரணமோ மனநலக் காரணமோ எதை வேண்டுமானாலும் எழுதி விலகிக்கொள்கிறேன் என்றாராம்.

பிற்கால ஆய்வாளர்கள் சிலர் இக்கதையை அப்படியே ஏற்பதில்லை. இந்திரா காந்தியின் முதன்மைச் செயலர் பி. என். ஹக்சர் உள்ளிட்ட நெருங்கிய ஆலோசகர்களே அப்போது உடனடிப் போரை விரும்பவில்லை என்பது ஆவணங்களில் தெரிகிறது. உடனே படையெடு என்ற குரல் நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் பலமாக இருந்தது. ஆகவே பிரதமர் ஏற்கெனவே பொறுத்திருக்க முடிவு செய்துவிட்டு, அவசரப்பட்ட அமைச்சர்களுக்குத் தளபதியின் வாயாலேயே காரணங்களைக் கேட்க வைத்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். இன்னொரு பக்கம், கிழக்குப் படைத் தலைமையகத்தில் தலைமை அலுவலராக இருந்த ஜே. எஃப். ஆர். ஜேக்கப், ஏப்ரலில் படையை நகர்த்தும்படி மானெக்ஷாவே தம்மிடம் சொன்னதாகவும், மழைக்காலம் முடியும்வரை முடியாது என்று மறுத்தவர் தாமே என்றும் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். வெற்றிக்குப் பின் தளபதிகள் ஒவ்வொருவரும் எழுதும் கணக்கில் அவரவர் பங்கு பெருகியே இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

எனினும் ஒன்றில் கருத்து வேறுபாடு இல்லை. மழைக்காலம் முடியும்வரை காத்திருப்பதே படையின் பரிந்துரையாக இருந்தது, அரசு அதை ஏற்றது, கிடைத்த மாதங்களில் தளவாடங்களும் சாலைகளும் பாலம் கட்டும் கருவிகளும் சேர்க்கப்பட்டன. டிசம்பர் 3-இல் தொடங்கிய போர் 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து, ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டதோடு முடிந்தது. சரணடைவை ஏற்க டாக்காவுக்குப் போகும்படி சொல்லப்பட்டபோதும், அது கிழக்குப் படைத் தளபதி அரோராவுக்கு உரியது என்று மானெக்ஷா மறுத்ததாகச் சொல்லப்படுகிறது. பிரதமரை எதிர்த்த வீரர் என்ற சித்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், முடியாது என்ற சொல்லுடன் எப்போது முடியும் என்ற திட்டத்தையும் மேசையில் வைத்த ஓர் அதிகாரி தெரிகிறார். எனக்கு அவரே கூடுதல் மதிப்புக்குரியவர்.

செங்கோட்டு மலையடி (திருச்செங்கோடு):

விவாதத்துக்கு நடுவே ஒரு சிறு சேர்க்கை. 1969-இல் மானெக்ஷாவுக்குப் பொறுப்பை ஒப்படைத்த தலைமைத் தளபதி யார் என்பதை இங்கு யாரும் சொல்லவில்லையே. எங்கள் குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த, முன்னாள் சென்னை மாகாண முதலமைச்சர் சுப்பராயனின் மகன், ஜெனரல் பி. பி. குமாரமங்கலம்தான் அவர். பீரங்கிப் படை அதிகாரியான அவர் 1942-இல் லிபியப் பாலைவனத்தில் பீர் ஹக்கீம் அருகே போரிட்டுச் சிறைப்பட்டார்; இத்தாலியில் முகாமிலிருந்து தப்பி, மீண்டும் பிடிபட்டார். தம்பி மோகன் குமாரமங்கலமும், பின்னாளில் கோவை நாடாளுமன்ற உறுப்பினரான தங்கை பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் இருந்த குடும்பத்திலிருந்து ஒருவர் தலைமைத் தளபதியாக ஆனது, அந்தக் காலத்து அரசு அதிகாரிகளைக் குடும்பத்தை வைத்து எடைபோடவில்லை என்பதைக் காட்டுகிறது. அவர் பேச்சால் அறியப்பட்டவர் அல்லர். மாப்பிள்ளைக்கு நம் மண்ணிலிருந்து ஒரு முன்னோடி வேண்டுமென்றால் இவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

அமராவதிக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. குமாரமங்கலம் தளபதியைப் பற்றி அறியாமல் இத்தனை ஆண்டுகள் திருச்செங்கோட்டுக்குத் தேர் பார்க்கப் போய் வந்திருக்கிறோம். உங்கள் பதில்களைப் படித்த பின் என் ஐயம் சற்று மாறியிருக்கிறது. மானெக்ஷாவைப் போர் காப்பாற்றியது என்றால், அப்படி எதுவும் வந்து காப்பாற்றாத மற்ற அதிகாரிகளுக்கு என்ன நேர்ந்தது? ஓய்வு பெற்ற பின்னாவது அவர்கள் தடையின்றிப் பேச முடிகிறதா?

பாரியூரான்:

முதல் எடுத்துக்காட்டு, கிருஷ்ண மேனன் கருத்துக் கேட்ட அதே திம்மையா. குடகைச் சேர்ந்த அவர் அக்காலத்தில் படையினரின் பெரும் அன்புக்குரியவர். அமைச்சருடன் ஒத்துப்போக முடியாமல் 1959 ஆகஸ்ட் 31-இல் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். நேரு அழைத்துப் பேசி அதைத் திரும்பப் பெறச் செய்தார். செய்தி அதற்குள் பத்திரிகைக்குக் கசிந்துவிட்டதால், செப்டம்பர் 2-இல் நாடாளுமன்றத்தில் பேசிய நேரு, திம்மையாவின் செயலைக் குறைத்தே மதிப்பிட்டார். 1961-இல் ஓய்வு பெறும்வரை திம்மையா பதவியில் இருந்தார் என்றாலும், அவருடைய சொல்லுக்கு முன்பிருந்த எடை இல்லை. தமக்குப் பின் தளபதி தோரட் வர வேண்டும் என்ற அவர் விருப்பமும் நிறைவேறவில்லை. தாப்பர் தலைமைத் தளபதியானார், அவர் காலத்தில்தான் சீனப் போர் வந்தது. மானெக்ஷா விலகத் தயார் என்று சொன்னதையும் திம்மையா விலகியதையும் பலர் ஒன்றாக வைத்துப் பேசுகிறார்கள். முன்னது அறைக்குள் நடந்தது, கையில் மாற்றுத் திட்டமும் இருந்தது. பின்னது ஊருக்குத் தெரிந்துவிட்டது, அதன் பிறகு கடிதத்தைத் திரும்பப் பெற்றதால் இரு தரப்பிலும் நம்பிக்கை குறைந்தது. திம்மையாவை நான் குறை சொல்லவில்லை. ஜனநாயகத்தில் தலைமைத் தளபதி ஒருவர் விலகுவதாக மிரட்டினால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கு அப்போது நம்மிடம் முன்மாதிரியே இல்லை.

1983-இல் துணைத் தலைமைத் தளபதி எஸ். கே. சின்ஹாவுக்கு முறைப்படி வர வேண்டிய பதவி ஏ. எஸ். வைத்யாவுக்குப் போனது. சின்ஹா பொதுவெளியில் சண்டை போடாமல் விலகிப் போனார். பின்னாளில் அசாமிலும் காஷ்மீரிலும் ஆளுநரானார். கடற்படைத் தலைமைத் தளபதி விஷ்ணு பகவத், தமக்குத் துணைத் தளபதியாக அரசு நியமித்தவரை ஏற்க மறுத்ததையடுத்து, 1998 டிசம்பர் 30-இல் பதவி நீக்கம் செய்யப்பட்டார். ஆமாம் சாமி போடுகிறவர் அமைச்சராகலாம், செயலராகலாம், ஃபீல்டு மார்ஷல்கூட ஆகலாம், ஆனால் தலைவராக முடியாது என்று மானெக்ஷா வெலிங்டனில் இளம் அதிகாரிகளிடம் பேசியது அதற்கு முந்தைய மாதம்தான். பகவத் வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் கருத்துச் சொல்வதும், முடிவு எடுக்கப்பட்ட பின் அதைச் செயல்படுத்த மறுப்பதும் ஒன்றல்ல என்பதை அரசு மிகக் கடுமையாகவே காட்டியது.

ஓய்வுக்குப் பிறகான பேச்சுக்கு மானெக்ஷாவே சான்று. 1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் பட்டம் பெற்று, அதே மாதம் தலைமைத் தளபதி பொறுப்பிலிருந்து விடைபெற்றார். அதன் பிறகு ஒரு பேட்டியில், பிரிவினையின்போது பாகிஸ்தான் படைக்குப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்டதற்கு, பாகிஸ்தான் வென்றிருக்கும் என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார். நாடாளுமன்றம் கொந்தளித்தது. ஃபீல்டு மார்ஷலுக்கு முறைப்படி ஓய்வே கிடையாது, வாழ்நாள் முழுதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார். அப்படியிருந்தும் அதற்குரிய சம்பளமும் படிகளும் அவருக்குப் பல பத்தாண்டுகள் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஒரு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட நிலுவை 2007-இல்தான் அவர் கைக்கு வந்தது. அந்தப் பேட்டிக்கும் இந்தத் தாமதத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நிறுவும் ஆவணத்தை நான் பார்த்ததில்லை என்றாலும், தில்லியில் அவருக்காகப் பேச யாரும் முன்வராமல் போனதற்கு அந்த வாயும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அவர் 2008 ஜூன் 27-இல் மறைந்தபோது பாதுகாப்பு அமைச்சர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை, இணையமைச்சரே வந்தார் என்பது அப்போதே கடுமையாக விமர்சிக்கப்பட்டது.

பர்லியார் ஹவில்தார்:

வாத்தியார் ஐயா பெரிய தளபதிகளைப் பற்றிச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை லெப்டினன்ட்டாகத்தான் தொடங்குவார் என்பதால், கீழ்மட்டத்தில் இது எப்படி நடக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு பயிற்சிக்கோ நடவடிக்கைக்கோ திட்டம் போடும்போது, கமாண்டிங் ஆபீசர் எல்லா அதிகாரிகளையும் உட்கார வைத்துக் கருத்துக் கேட்பார். மறுப்புச் சொல்வதற்கு உரிய நேரம் அதுதான். அப்போது வாய் மூடியிருந்துவிட்டு, ஆணை வந்த பிறகு மெஸ்ஸில் உட்கார்ந்து முணுமுணுப்பவரை வெளிப்படையானவர் என்று படையில் யாரும் மதிப்பதில்லை. ஆண்டுதோறும் எழுதப்படும் ரகசிய அறிக்கையில் அந்த முணுமுணுப்பு ஏதோ ஒரு வடிவில் ஏறிவிடும். எங்களைப் போன்ற எழுத்தர்களுக்கு அது வரும் விதம் தெரியும். நேரில் காரணத்தோடு மறுத்த இளம் அதிகாரிக்கு நல்ல அறிக்கை எழுதிய மேலதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன், பழிவாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகையினர் இல்லை என்று உங்கள் வீட்டாரிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

அப்படி அநீதி நடந்தால் வழி இல்லாமல் இல்லை. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் 27-ஆவது பிரிவு, மேலதிகாரியால் பாதிக்கப்பட்டதாகக் கருதும் அதிகாரி மத்திய அரசு வரை முறையிட உரிமை தருகிறது. அதே நேரத்தில், 1954-ஆம் ஆண்டின் ராணுவ விதிகளில் 21-ஆவது விதி, பணியில் இருப்பவர் அனுமதியின்றிப் பத்திரிகைக்கு எழுதுவதையும் பணி தொடர்பான செய்திகளை வெளியிடுவதையும் தடுக்கிறது. இன்றைய பிள்ளைகள் கைப்பேசியில் எழுதிவிட்டு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அகாதெமியில் சட்ட வகுப்பு வரும்போது இவ்விரண்டையும் மூலத்திலேயே படித்துக் குறித்து வைத்துக்கொள்ளும்படி மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். விடுமுறையில் மேட்டுப்பாளையம் பக்கம் வந்தால் வீட்டுக்கு அழைத்து வாருங்கள், என்னிடம் உள்ள பழைய சட்டக் கையேட்டைக் கொடுத்தனுப்புகிறேன்.